நாடாவில் தைத்த பெயர்

ஊரடங்கின் மூன்றாவது மாதத்தில் அண்ணி தன் நாத்தனாரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். நாத்தனாரைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. துணி துவைக்கிற இயந்திரத்திடம் பேசினாள், சாத்திய கதவிடம் பேசினாள், மிச்சம் இருந்ததைப் புருஷனிடம் பேசினாள்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லி வைங்க. காலையில ஏழு மணியிலேர்ந்து தையல் மிஷின் என் மண்டைக்குள்ளயே ஓடுது."

அந்தத் தங்கச்சி மூன்றடி தள்ளி நின்று காபி ஆற்றிக்கொண்டிருப்பாள். அண்ணன் இருந்தாலும் முறைப்படி அவள் பக்கம் திரும்பி, "சின்னவளே, மிஷின் சத்தம் கொஞ்சம்..." என்று இழுப்பான்.

"என் காது நல்லாத்தான் இருக்குண்ணே. அவங்க மண்டையைக் கவனிக்கச் சொல்லு."

அவ்வளவுதான், அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலைக்குள் புகுந்துவிடுவான். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியில் புகார் கேட்கிற வேலை அவனுக்கு. அடுப்பங்கரை மேடைதான் இப்போது அலுவலகம். முன்பின் தெரியாத மனிதர்கள் காலையிலிருந்து மாலை வரை அவனைத் திட்டுவார்கள். வீட்டுக்குள் கேட்பதைவிட அது தேவலை என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

நான்காவது மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் அடுப்பங்கரை. சின்னவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியை மூடியதும் அவளை இங்கே கூப்பிட்டதே அண்ணிதான். "படுக்கையறையை அவளுக்கு விட்டுடலாங்க. பாலே உடையெல்லாம் தூசி படாம இருக்கணும். நாம கூடத்துல படுத்துக்கலாம்" என்று முந்திக்கொண்டு சொன்னவளும் அவளே. மனைவியின் பெரிய மனசைக் கண்டு அண்ணன் நெகிழ்ந்துதான் போனான். அந்தப் பெரிய மனசு எதை எதிர்பார்த்தது என்பது சின்னவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. நகரத்துப் பாலே நடன அரங்கின் உடையறையில் பதினொரு வருஷமாகத் தைக்கிறவள் அவள். அரங்கை மூடியபிறகு தையல்காரிகள் எல்லோரும் வேலையை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். போவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். உடைகளை வெளியாட்கள் பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கு எந்த உடை என்று மூச்சு விடக் கூடாது.

சின்னவள் படுக்கையறை வாசலில் நீலப்பூப் போட்ட ஒரு போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டாள். கதவுக்கு உள்ளே தாழ் உண்டு, வெளியே பூட்டு கிடையாது. அந்தப் போர்வைதான் சண்டையின் ஆரம்பம்.

அண்ணியைச் சாதாரண ரசிகை என்று சொன்னால் அவளுக்கே கோபம் வரும். 'திரைக்குப் பின்னால்' என்ற இணையக் குழுவுக்கு அவள் தலைமை அட்மின். நாலாயிரத்துச் சொச்சம் பேர் அதில் இருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிற படத்தைக் காட்டினாலும் அது எந்தப் பெண் என்று சொல்லிவிடுவாள். அவள் கல்யாணமே பாலேயில்தான் ஆரம்பித்தது. ஏழு வருஷத்துக்கு முன்பு சின்னவள் கொடுத்த இலவச ஒத்திகைப் பாஸில் அண்ணன் போய் உட்கார்ந்தான். இரண்டாவது அங்கத்தில் வாயைப் பிளந்து தூங்கினான். பக்கத்து இருக்கைப் பெண் முழங்கையால் விலாவில் இடித்து எழுப்பி, "குறட்டை விடணும்னா வெளியில போய் விடுங்க" என்றாள். அப்போது விழித்தவன் அப்புறம் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஆறு பாஸுக்காகத்தான் அவள் இவனைக் கட்டிக்கொண்டாள் என்று உறவில் எல்லோரும் கேலி செய்வார்கள். அண்ணன் மட்டும் அந்தக் கேலிக்குச் சற்றுத் தாமதமாகச் சிரிப்பான்.

அரங்கம் மூடியதும் ரசிகர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முன்பெல்லாம் ஆட்டம் முடிந்ததும் பின்வாசலில் பூவோடு நிற்பார்கள். இப்போது பூவின் படத்தை அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அரங்கம் ஒரு பழைய ஆட்டத்தின் பதிவை இணையத்தில் இரண்டு நாள் விட்டுவைக்கும். அண்ணி நோட்டும் பேனாவுமாக மூன்று தடவை பார்ப்பாள். ஆட்டக்காரிகள் தங்கள் வீட்டு அடுப்பங்கரையில் பயிற்சி செய்து படம் போட்டார்கள். மகாராணி என்று ரசிகர்கள் கொண்டாடும் முதல் ஆட்டக்காரி ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு காலைத் தலைக்கு மேல் தூக்கினாள். அந்த ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டில் எலும்பு டாக்டர் எண் இருக்கிறதா, கேக் கடை எண் இருக்கிறதா என்று குழுவில் இரண்டு நாள் அடிதடி. இரண்டு பேர் படத்தில் ஒரே மஞ்சள் விளக்கு தெரிந்ததால் அவர்களுக்குக் கல்யாணமே செய்துவைத்தார்கள். கடைசியில் அந்த விளக்கு அண்ணி வீட்டுக் கூடத்திலும் இருந்தது தெரியவந்து பேச்சு அடங்கியது.

இந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது. வருகிற சனிக்கிழமை ஆளில்லாத அரங்கில் ஆடுவார்கள், வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். யார் யார் ஆடுகிறார்கள் என்று மட்டும் போடவில்லை.

அதில்தான் ரசிகர்கள் இரண்டாக உடைந்தார்கள். மகாராணிக்கு முப்பத்தெட்டு வயது. பதினாலு வருஷமாக நாயகி அவள்தான். சிட்டு என்று பேர் வைக்கப்பட்ட இருபது வயதுப் பெண்ணைப் போன வருஷம்தான் கூட்டத்திலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மகாராணியின் கணுக்கால் போய்விட்டது என்று ஒரு கட்சி. சிட்டுவுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்று மறு கட்சி. அண்ணி மகாராணி கட்சி.

புதன்கிழமை காலை அண்ணி தானாகவே பேசா விரதத்தை முறித்துப் போர்வைக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும்."

சின்னவள் போர்வையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினாள். "சொல்லக் கூடாதுண்ணி. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நாங்க கட்டிலை உனக்குக் குடுத்துட்டுத் தரையில படுக்கிறோமே, அதுக்கு எந்தக் கையெழுத்தும் போடல."

"உங்ககிட்ட ஒருத்தர்கிட்ட சொன்னா நாலாயிரம் பேர்கிட்ட சொன்ன மாதிரி."

"எனக்கு ஓட்டை வாயின்னு சொல்றியா?"

"வாய் இல்லண்ணி, விரல்."

அண்ணியின் முகத்தில் கடுகு வெடித்தது. "ஊக்கு தைக்கிறவளுக்கு இவ்வளவு ராங்கி ஆகாது. வயசு முப்பத்தொண்ணு ஆகுது, பேச்சுத்துணைக்கு இருக்கிறது தலையில்லாத ஒரு தையல் பொம்மை."

"தலை இல்லாததாலதான் என் விஷயத்துல அது தலையிடறதில்ல."

அடுப்பங்கரையிலிருந்து, "உங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி" என்று அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் சின்னவளுக்கு முன்னால் இஸ்திரிப் பலகையில் ஒரு வெள்ளை உடை உள்பக்கம் வெளியே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற மேல்பகுதி, அதற்குக் கீழே தட்டுப்போல விரியும் வலைப்பாவாடை. முதுகில் கொக்கிகள் வரிசையாக இருக்கும் இடத்தில், உள்பக்கமாக, ஒரு வெள்ளை நாடாவில் பெயர்களைத் தைத்திருப்பார்கள். அந்த உடையை இதுவரை போட்டவர்களின் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசியாகத் தைத்திருப்பது இப்போது போடுகிறவள் பெயர். மூன்று வருஷத்துக்கு முன்பு பழைய உடைகளைக் காட்சிக்கு வைத்தபோது ரசிகர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்துபோனது. நாயகி உடையில் யார் பெயர் கடைசியாக இருக்கிறதோ அவள்தான் நாயகி என்பது அவர்களுக்குக் கல்லில் வெட்டிய சட்டம்.

சின்னவள் மகாராணியின் பெயருக்குக் கீழே சிட்டுவின் பெயரைத் தைத்து நூலைக் கடித்தாள். அப்போதுதான் அண்ணன், "மழை" என்று குரல் கொடுத்தான். மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு உங்க தங்கச்சி முறை" என்றது கூடத்திலிருந்து வந்த குரல்.

சின்னவள் மாடிக்கு ஓடினாள். காற்றில் முறுக்கிக்கொண்ட போர்வைகளைப் பிரித்து எடுத்து வருவதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது உடை கிடந்தபடியே கிடந்தது. அண்ணி கூடத்தில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத முணுமுணுப்பு. நனைந்த துணி அவசரத்தில் சின்னவள் அதைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உடையறைத் தலைவி போன் செய்தாள். கத்தரி மேடம் என்று அவளுக்குப் பேர். கையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும். பேச்சும் அதே அளவில்தான் நறுக்கும்.

"உங்க வீட்டுல நீலப்பூப் போட்ட போர்வை இருக்கா?"

"இருக்கு மேடம்."

"ஓரத்துல இஸ்திரிப்பெட்டி சுட்ட கறை?"

சின்னவள் திரும்பி வாசலில் தொங்கிய போர்வையைப் பார்த்தாள். "இருக்கு."

"அப்ப அது உன் வீடுதான். போர்வையைப் பார்க்கலைன்னாலும் தெரிஞ்சிருக்கும். நீ போடற மீன்முள் தையலைக் கண்ணை மூடிட்டுத் தடவினாலே சொல்லிடுவேன். நாடாவோட படம் ஊரெல்லாம் சுத்துது. மகாராணியைத் தூக்கிட்டாங்கன்னு போட்டிருக்கு. அந்தம்மா காலையில டைரக்டருக்குப் போன் பண்ணி, எனக்குத் தெரியாம இதெல்லாம் நடக்குதான்னு கேட்டிருக்காங்க. அந்தச் சின்னப் பொண்ணை ஆயிரம் பேர் சேர்ந்து கழுவி ஊத்துறாங்க."

"நான் குடுக்கல மேடம்."

"குடுக்கலைன்னு எனக்குத் தெரியும். மேனேஜர்களுக்குத் தெரியாது. நாலு மணிக்குக் கூட்டம். படம் எப்படி வெளியே போச்சு, அதைச் சரிபண்ண நீ என்ன பண்ணினன்னு அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும். இல்லைன்னா துணியை எடுக்க வேன் வரும். அதுக்கப்புறம் உன் வீட்டுக்குத் துணி வராது. அரங்கம் திறந்தாலும் உனக்கு நாற்காலி இருக்காது."

பதினொரு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. சின்னவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், படம் போட்டவர்கள் சொன்னது சுத்தப் பொய். சாதாரணக் காலத்தில் ஓர் உடையை நாலைந்து பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள். இந்த வருஷம் நோய்க்குப் பயந்து ஒரு உடை ஒரே உடம்புக்குத்தான் என்று விதி போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று வேண்டியிருந்ததால் மகாராணிக்குப் புதிதாக ஒன்று தைத்தாகிவிட்டது. அவளுடைய பழைய உடையைச் சிட்டுவுக்குப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். நடுவில் வருகிற இரண்டு நிமிஷத் துண்டு ஆட்டம் ஒன்றுக்கு. பாலேயைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் அந்த நாடாவைப் பார்த்திருந்தால் ஏதோ சலவைக்குறி என்று போயிருப்பான். எல்லாம் தெரிந்தவள் பார்த்ததால்தான் இந்த வினை.

போனை வைத்த ஐந்தாவது நிமிஷம் சிட்டு கூப்பிட்டாள். அளவெடுக்கும்போதுகூட அதிகம் பேசாத பெண்.

"அக்கா, உங்களால ஒரு உதவி ஆகுமா? அந்தப் பேரைப் பிரிச்சிடுங்க."

"ஏம்மா?"

"வேற யார் பேரையாவது தைங்க. நான் சனிக்கிழமை வரலைன்னு சொல்லிடறேன். எங்கம்மா போனுக்குக்கூட எழுதறாங்க அக்கா. உங்க பொண்ணு யாரோட காலை வாரிட்டு மேல வந்தான்னு." அழவில்லை அவள். அழுது முடித்தவள் குரல் அது.

"பேரைப் பிரிக்க மாட்டேன். நாலு மணி வரைக்கும் எதுவும் சொல்லாதே. போனை அணைச்சு வெச்சிட்டுக் காலை நீட்டிப் பழகு" என்றாள் சின்னவள்.

பிறகு போர்வையை விலக்கிக் கூடத்துக்குப் போனாள். அண்ணி சோபாவில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்போடு கொலுவிருந்தாள். நாலாயிரம் பேர் ஒரே நாளில் ஆறாயிரமாகியிருந்தார்கள்.

"என் அறைக்குள்ள வந்தீங்களா?"

"என் அறை" என்றாள் அண்ணி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வீட்டு ஒப்பந்தத்துல என் பேரும் இருக்கு."

"அண்ணி, அந்தப் பொண்ணு நாயகி வேஷத்துக்கு அந்த உடையைப் போடல. நீங்க நினைச்சது தப்பு."

அண்ணி முதல் தடவையாக நிமிர்ந்தாள். "எனக்குச் சொல்லித் தர்றியா? இடுப்புல அஞ்சு அடுக்கு வலை, தோள்ல இறகு. அது நாயகி உடை. கடைசிப் பேர் யாரோடது? நான் பதினாறு வருஷமா பார்க்கிறேன்டி. நீ தைக்கிற, நான் பார்க்கிறேன். தைக்கிறவளுக்கு ஊசிமுனைதான் தெரியும்."

"இந்த வருஷம் ஒரு உடையை மாத்தி மாத்திப் போடக் கூடாது, ஆளுக்கு ஒண்ணு வேணும். அதனால பழசெல்லாம் கைமாறுது. பேர் இருக்கிறதுக்கும் வேஷத்துக்கும் சம்பந்தமே இல்ல."

அண்ணியின் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. இறகு, வலை, நாடா, நோய். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டாள். அவள் முட்டாள் இல்லை. கன்னத்தில் இருந்த சிவப்பு மெல்ல இறங்கியது.

"இதை நீ நேத்தே சொல்லியிருக்கணும்" என்றாள்.

"நீங்க திருடுவீங்கன்னு நேத்து எனக்குத் தெரியலையே."

"வார்த்தையை அளந்து பேசு."

"குழுவுல எழுதுங்க. நீங்கதான் எடுத்தீங்க, எனக்குத் தெரியாம எடுத்தீங்க, நினைச்சது தப்புன்னு எழுதுங்க. நாலு மணிக்குள்ள எழுதலைன்னா என் வேலை போயிடும்."

"நான் தப்புன்னு எழுதவா?" அண்ணி சிரித்தாள். சிரிப்பில் பல்லைத் தவிர ஒன்றும் இல்லை. "குழுவுல இருக்கிற அந்தப் பல் டாக்டர் மூணு வருஷமா என் இடத்தைப் பிடிக்கக் காத்துக்கிட்டிருக்கான். ஒரு எழுத்து எழுதினேன்னா மாலையோட வந்து உட்கார்ந்துடுவான். நீ ஒரு ஊசி போனா இன்னொரு ஊசி எடுத்துப்ப. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"அந்தப் பொண்ணு ஆடவே வரலைங்கிறா."

"வர வேண்டாமே. மகாராணி கட்சிக்கு நஷ்டமா என்ன?"

சொன்ன பிறகு அண்ணிக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு எதையோ தட்டினாள். "சரி, ஏதோ எழுதறேன். போ."

சின்னவள் நம்பித்தான் உள்ளே போனாள். பதினொன்றரைக்கு அண்ணன் போனும் கையுமாக வாசலில் வந்து நின்றான். ஆள் கணக்குக் காட்டுவதற்காகக் குழு தொடங்கிய அன்றே அண்ணி அவனை அதில் சேர்த்திருந்தாள். இத்தனை வருஷமாக அவன் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. படிப்பதும் இல்லை.

"சின்னவளே, இதைப் பாரு. பார்த்துட்டுக் கத்தாதே."

அண்ணி எழுதியிருந்தது இதுதான்: 'படத்தை எனக்குக் கொடுத்தது உடையறையில் வேலை பார்க்கும் நெருங்கிய ஒருவர். அவர் சொன்னதை நம்பி வெளியிட்டேன். இப்போது அவரே மாற்றிப் பேசுகிறார். நம் குழுவின் நேர்மை பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம்.'

சின்னவள் கத்தவில்லை. இரண்டாம் தடவை படித்தாள். அதற்குள் கீழே பல் டாக்டர் கேட்டிருந்தார்: 'அந்தத் துரோகியின் பெயர் என்ன?' இருநூறு பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள்.

"ஒரு வீட்டுக்குள்ள இருக்கோம்" என்றான் அண்ணன். "கொஞ்சம் பொறுத்துக்கோ. சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சா எல்லாம் மறந்துடுவாங்க. உனக்கு வேற வேலை..."

"அண்ணே, புகார் கேட்கிற ஆள்தானே நீ? இது என் புகார். என்ன பண்றதா உத்தேசம்?"

பொறுமைக்கு நன்றி சொல்கிற வரியைத் தவிர வேறு எதுவும் அவனுக்குப் பழக்கமில்லை. பிறகு கையிலிருந்த போனை அவளிடமே நீட்டினான்.

"வெச்சுக்கோ. நான் போய் லைனில உட்கார்றேன்."

சின்னவள் முதலில் கத்தரி மேடத்தைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்கவில்லை. துணி எடுக்க மாடிக்குப் போனது, கதவைச் சாத்தாமல் போனது, அண்ணி யார், குழு எது, எல்லாம் சொன்னாள்.

"கதவைத் திறந்து போட்டுட்டுப் போனது உன் தப்பு" என்றாள் கத்தரி மேடம்.

"என் தப்புதான் மேடம். நான் அங்க எழுதலாமா?"

"யார் எந்த வேஷம்னு ஒரு எழுத்து வரக் கூடாது. பேர் நாடா எதுக்குன்னு எழுது. அது ரகசியமில்ல, நானே அன்னைக்குக் காட்சியில ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சது. சொல்லாம இருந்திருக்கலாம்."

அண்ணனின் பெயரில் சின்னவள் எழுத ஆரம்பித்தாள். துணியில் என்றால் நூல் பிடித்த மாதிரி கை போகும். இதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

'நான் உடையறைத் தையல்காரி. அந்த நாடாவில் பெயரைத் தைத்தது நான். படத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் மாடிக்குப் போயிருந்தபோது என் அறைக்குள் புகுந்து இந்தக் குழுவின் தலைமை அட்மின் எடுத்தது அது. அவர் என் அண்ணி. நாடாவில் இருக்கும் பெயர், துணி யார் உடம்புக்கு என்று எங்களுக்குச் சொல்வது. அவர் என்ன ஆடுகிறார் என்று அது சொல்லாது. இந்த வருஷம் ஒரு துணி ஒருத்தருக்குத்தான் என்பதால் எல்லா உடையிலும் பெயர் மாறியிருக்கிறது. நீங்கள் திட்டிக்கொண்டிருக்கிற பெண் யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை. அவர் அம்மாவுக்கு எழுதியவர்கள் அதே எண்ணுக்கு இன்றே மன்னிப்பு எழுதுங்கள். நான் கதவைச் சாத்தாமல் போனது என் தப்பு. அதை என் மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.'

அனுப்பிய அரை நிமிஷத்தில் கூடத்தில் லேப்டாப் மூடுகிற சத்தம் கேட்டது. அடுத்து போர்வை பிய்ந்துகொண்டு வந்தது. கொடியோடு சேர்த்து.

"நாலாயிரம் பேருக்கு முன்னால என்னை அம்மணமா நிக்க வெச்சிட்டியே."

"ஆறாயிரம்."

"இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் பேரைக் கெடுத்தியா?"

"உங்க பேரை நான் எழுதவே இல்ல. அண்ணின்னுதான் எழுதினேன். நீங்க துரோகின்னு ஒருத்தியைக் கைகாட்டினீங்களே, அவளுக்கு உறவுமுறை ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

"நீ வெளியே போ. இப்பவே போ."

"வெளியே போக முடியாது, ஊரடங்கு" என்றான் அண்ணன், ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து. இரண்டு பெண்களும் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஓர் அடி பின்னால் போனான். ஆனால் அங்கேயே நின்றான். "இரு, நான் ஒண்ணு சொல்லணும். நீ அந்த ரூமுக்குள்ள போனதை நான் பார்த்தேன். நேத்து. பார்த்துட்டுப் பேசாம இருந்தேன். அவ வேலை போனா அதுல பாதித் தப்பு என்னோடது."

"பார்த்தீங்களா?" என்றாள் அண்ணி. புருஷன் தன்னைக் காட்டிக்கொடுக்காததற்குச் சந்தோஷப்படுவதா, இப்போது காட்டிக்கொடுப்பதற்குக் கோபப்படுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் கோபத்தையே எடுத்துக்கொண்டாள். "பாஸுக்காகத்தானே உங்களைக் கட்டினேன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இனிமே பாஸும் இல்ல."

அண்ணன் இந்தத் தடவை தாமதமாகக்கூடச் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் அண்ணி வாயை மூடிக்கொண்டாள். கூடத்துக்குப் போய் சோபாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணிக்குள் பல் டாக்டர் தலைமை அட்மின் ஆகியிருந்தார். சிட்டுவிடம் மன்னிப்புக் கேட்டு முதலில் எழுதியவரும் அவரே. அவள் அம்மாவுக்கு எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதியதை அழித்தார்கள். மன்னிப்பு என்று எழுதியவர்கள் ஏழு பேர்.

நாலரை மணிக்கு மறுபடி போன் வந்தது. சின்னவள் முதல் மணிச் சத்தத்திலேயே எடுத்தாள்.

"நாற்காலி இருக்கு" என்றாள் கத்தரி மேடம். "சம்பளத்துல ஒரு வாரம் பிடிப்பாங்க. அதை விடு. ஆனா அந்த வீட்டுல இனி ஒரு நூல்கண்டுகூட இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீ இங்க வந்துடு. சாயம் போடற அறைக்குப் பக்கத்துல ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கேன். பரிசோதனை பண்ணிட்டு உள்ளே வந்தா, ஊரடங்கு முடியற வரைக்கும் வெளியே போக முடியாது. தனியாத்தான் இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

"அந்தச் சின்னப் பொண்ணு வர்றா. பேரைப் பிரிச்சிடலையே?"

"இல்ல மேடம்."

ஆறு மணிக்கு வேன் வரும் என்றார்கள். உடைகளை மல் துணியில் சுற்றினாள். தையல் மிஷினைப் பெட்டிக்குள் இறக்கினாள். அண்ணன் தலையில்லாத பொம்மையை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு லிப்டுக்கும் வீட்டுக்கும் நடந்தான். நடக்கும்போதே, "நான் தினம் போன் பண்றேன்" என்றான். "மத்தியானம் பண்ணாதே, உனக்கு அப்பதான் புகார் நிறைய வரும்" என்றாள் சின்னவள். அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ள இரண்டு கையும் ஒழியாமல் பொம்மையின் தோளிலேயே துடைத்துக்கொண்டான்.

கடைசிப் பெட்டியோடு அவள் வாசலைத் தாண்டும்போது அண்ணி எழுந்து வந்தாள். அழுதிருந்தாள். மன்னிப்புக் கேட்கிற முகம் அது இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே போகிறவளுக்கு வழி விடாமலும் அடைக்காமலும் நின்றாள்.

"படுக்கையறை இனிமே எனக்குத்தான். திரும்பி வந்தா கூடம்தான்" என்றாள்.

"திரும்பி வந்தாப் பார்த்துக்கலாம்."

"அரங்கத்துக்குள்ளயேவா தங்கப்போற?"

"ஆமா."

"சனிக்கிழமை?"

"அங்கதான் இருப்பேன். ஆட்டத்துக்கு நடுவுல உடை மாத்தி விடணும். மேடைக்குப் பக்கத்துல."

பதினாறு வருஷமாக டிக்கெட் வாங்கியும் பாஸ் வாங்கியும் பின்வாசலில் நின்றும் அண்ணி நெருங்க முடியாத இடம் அது. தண்டனை என்று அனுப்பப்படுகிறவள் போய் நிற்கப்போகிற இடம். அவள் கண்ணில் இருந்த வெறுப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பசியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அங்கேர்ந்து மேடை தெரியுமா?"

"பாதி தெரியும்."

"எந்தப் பாதி?"

சின்னவளுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. மகாராணி எந்தப் பக்கத்திலிருந்து நுழைவாள், எங்கே நின்று மூச்சு வாங்குவாள் என்று அந்த ஒரு வார்த்தையிலிருந்தே அண்ணி கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் சும்மாவும் இருக்க மாட்டாள், புதிதாக ஒரு குழு தொடங்குவாள்.

"வழி விடுங்கண்ணி, வேன் நிக்குது" என்றாள்.

அண்ணி ஒரு கணம் நின்றுவிட்டு நகர்ந்தாள். லிப்டுக் கதவு மூடும்போது அவள் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள், பதில் வருமா என்று.